விளக்குமாறு யார் கையில்?

அத்தியாயம் 7: தொடக்கப் பள்ளியில் சமத்துவம் பழக்குதல்

மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் தீண்டாமை எதிர்ப்பு வாசகத்தைத் தாளம் தப்பாமல் ஒரே குரலில் வாசித்து முடித்தார்கள். முடித்த கையோடு இரண்டு சிறுமிகள் எழுந்துபோய் மூலையில் இருந்த விளக்குமாறை எடுத்தார்கள். ஒரு பையன் மணியடிக்க ஓடினான். நான் யாரையும் ஏவவில்லை. எந்த வேலை யாருடையது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. வாசகத்தை அவர்கள் வாயால் படித்தார்கள். வகுப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணால் படித்து வைத்திருந்தார்கள்.

அன்று புரிந்ததுதான் இந்த அத்தியாயத்தின் அடிப்படை. சமத்துவத்தைப் பாடமாக நடத்துவதற்கு முன் வகுப்பின் அன்றாட ஏற்பாட்டை மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் செயல்பாடுகள், கதைகள், கொண்டாட்டங்கள் எல்லாம். வரிசையை மாற்றினால் பயன் இருக்காது.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேவைப்படுவது ஒரு சிறு நோட்டு, பழைய காலண்டர் அட்டை, துணிக் கிழிசல், வாட்டர் கலர், அளவு நாடா. காலம் நான்கு வாரம்.

முதல் வாரம்: வெறுமனே கவனியுங்கள்

எதையும் மாற்றாதீர்கள். ஐந்து நாளும் பள்ளி விட்டதும் பத்து நிமிடம் ஒதுக்கி, கீழே உள்ளவற்றுக்கு நோட்டில் பதில் எழுதுங்கள்.

1. இன்று பெருக்கியவர், தண்ணீர் பிடித்தவர், மணியடித்தவர், நோட்டுகளைச் சேகரித்தவர் யார்?
2. முன்வரிசையில் யார்? கடைசி வரிசையில் யார்? எத்தனை நாளாக?
3. நான் கேள்வி கேட்ட பிள்ளைகள் யார் யார்? இன்று ஒரு முறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளைகள் யார்?
4. சாப்பிடும்போது யார் யாரோடு உட்கார்ந்தார்கள்? தனியே இருந்தது யார்?
5. என்னென்ன பட்டப்பெயர்கள் காதில் விழுந்தன? அவற்றில் என் வாயிலிருந்து வந்தவை எத்தனை?

ஐந்தாவது கேள்விக்கு உண்மையாகப் பதில் எழுதுங்கள். "ஏய் குண்டு", "அந்தக் கறுப்புச் சட்டி", "இந்திக்காரப் பையா" என்று நாம் செல்லமாகச் சொல்வது, நாளைக்கு அந்தப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் முப்பது வாயில் ஒலிக்கும்.

*கவனம்:* நோட்டில் எந்தப் பிள்ளையின் சாதியையும் எழுதாதீர்கள். நோட்டை மேசைமேல் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இது உங்களைத் திருத்திக்கொள்ள எழுதும் குறிப்பு.

இரண்டாம் வாரம்: ஏற்பாட்டை மாற்றுங்கள்

*1. வேலைச் சக்கரம்*

காலண்டர் அட்டையில் ஒன்று பெரிது, ஒன்று சிறிதாக இரண்டு வட்டம் வெட்டுங்கள். நடுவில் துளையிட்டு, பழைய சட்டைப் பொத்தானை வைத்து நூலால் கட்டினால் சிறிய வட்டம் சுழலும். வகுப்பில் முப்பது பேர் என்றால் சீட்டுக் குலுக்கி ஐந்து பேர் கொண்ட ஆறு குழுக்கள் பிரியுங்கள். பெரிய வட்டத்தில் குழுக்களின் பெயர், சிறிய வட்டத்தில் ஆறு வேலை: பெருக்குதல், கரும்பலகை துடைத்தல், நோட்டு சேகரித்தல், செடிக்குத் தண்ணீர், சாப்பாட்டுத் தட்டு எடுத்துக் கொடுத்தல், மணியடித்தல். திங்கள்தோறும் ஒரு கட்டம் நகர்த்துங்கள். ஆறு வாரத்தில் எல்லோர் கையும் விளக்குமாறையும் பிடித்திருக்கும், மணியையும் பிடித்திருக்கும்.

*கவனம்:* கழிப்பறை கழுவுவது எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல. சக்கரத்திலும் வேண்டாம், தண்டனையாகவும் வேண்டாம். சூடான சாம்பார் வாளி, சாதக் குண்டான் பக்கமும் பிள்ளைகளை விடாதீர்கள்.

*2. இருக்கை*

வாரம் ஒருமுறை வரிசை முன்னிருந்து பின்னாக நகரட்டும். கண்பார்வை, செவித்திறன் குறைந்த பிள்ளை மட்டும் முன்னாலேயே இருக்கட்டும். "ஏன் டீச்சர் அவ மட்டும் அங்கேயே இருக்கா?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியைப் பத்திரப்படுத்துங்கள், மூன்றாம் வாரம் தேவைப்படும்.

*3. பெயர்*

பதிவேட்டில் பையன்கள் முதலில், சிறுமிகள் பிறகு என்று இருந்தாலும், அகர வரிசையில் கலந்து ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். வினாடி வினாவில் "பாய்ஸ் டீம், கேர்ள்ஸ் டீம்" வேண்டாம். வேறு மாநிலத்திலிருந்து வந்த பிள்ளையின் பெயரை அந்த வீட்டார் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பழகுங்கள். வாயில் நுழையவில்லை என்று நாமாக ஒரு பெயர் வைக்கக் கூடாது.

*4. உதவித்தொகைப் பட்டியல்*

மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். சாதிச் சான்றிதழ் நகலோ வங்கிக் கணக்கு எண்ணோ வேண்டும் என்பதற்காக வகுப்பு நடுவில், "இன்ன பிரிவுப் பிள்ளைங்கல்லாம் எழுந்து நில்லுங்க" என்பது. அரசு கொடுக்கும் உரிமை அந்த நொடியில் அவமானமாக மாறிவிடுகிறது. பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், அல்லது எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஒரே மாதிரி மடித்த சீட்டு கொடுத்தனுப்புங்கள்.

*5. சாப்பாட்டு வரிசை*

1956-இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2022-இல் தொடங்கிய காலை உணவு: தமிழ்நாட்டுப் பள்ளிக்குள் சமத்துவம் நுழைந்த பெரிய வாசல் சோற்றுத் தட்டுதான். அதை வீணாக்காதீர்கள். வட்டமாகவோ நேர்வரிசையாகவோ, வந்த வரிசையில் உட்காரட்டும். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழத்தை அதே வரிசையில், அதே இடத்தில் கொடுங்கள், தனியாக அழைத்து உட்கார வைக்க வேண்டாம். வாரத்தில் ஒருநாளாவது நீங்களும் அதே சோற்றை அதே தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். யார் சமைத்தார் என்று முணுமுணுக்கிற வீட்டுப் பிள்ளையும் இதைப் பார்க்கும்.

மூன்றாம் வாரம்: நான்கு செயல்பாடுகள்

நாளுக்கு ஒன்று, நாற்பது நிமிடம் போதும். அவசரப்பட்டு ஒரே நாளில் இரண்டு செய்யாதீர்கள்.

*செயல்பாடு 1: எல்லோருக்கும் ஒரே கட்டு (1–5 வகுப்பு)*

1. ஆளுக்கு ஒரு கற்பனை அடி சொல்லச் சொல்லுங்கள். முழங்கால், முழங்கை, கட்டைவிரல், வயிற்றுவலி என்று வரும்.
2. யார் என்ன சொன்னாலும் சரி, வலது மணிக்கட்டில் துணிக் கிழிசலைத் தளர்வாகச் சுற்றிவிடுங்கள். "எல்லாரும் சமம், எல்லாருக்கும் ஒரே கட்டு" என்று சொல்லிக்கொண்டே போங்கள்.
3. சிரிப்பும் சண்டையும் கிளம்பும். "எனக்குக் கால்லதான் அடி!" என்று யாராவது கத்தும்வரை காத்திருங்கள்.
4. இப்போது கேளுங்கள்: "எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே கொடுத்தேன்? ஏன் சரியில்ல?"
5. அவர்கள் சொல்லும் பதிலைக் கரும்பலகையில் அவர்கள் சொற்களிலேயே எழுதுங்கள்.
6. பத்திரப்படுத்திய கேள்வியை எடுங்கள். முன்வரிசையிலேயே உட்காரும் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், "கரும்பலகை தெரியாதவங்களுக்கு எங்க கட்டுப் போடணும்?" என்று கேளுங்கள்.

*கவனம்:* தைலம், மருந்து எதையும் பயன்படுத்த வேண்டாம், கண்ணில் படும். துணியைக் கழுத்தில் யாரும் சுற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*செயல்பாடு 2: என் கையின் நிறம் (2–5 வகுப்பு)*

"உன் முகத்தை வரை" என்றால் பிள்ளைகள் ஒரே கிரையானுக்கு அடித்துக்கொள்வார்கள். வெளிர் ரோஜா நிறக் குச்சி அது, அவர்கள் மொழியில் "ஸ்கின் கலர்". அந்த நிறத்தில் தோல் உள்ள ஒரு பிள்ளைகூட என் வகுப்பில் இருந்ததில்லை. அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் அப்படிப்பட்ட குச்சிக்கு வைத்திருந்த 'சதை' என்ற பொருள் தரும் பெயரை 1962-இலேயே மாற்றிவிட்டது. நம் வகுப்பில் அந்தப் பெயர் இன்னும் வாழ்கிறது.

1. சிவப்பு, மஞ்சள், கொஞ்சம் நீலம் கலந்தால் பழுப்பு வரும் என்று முதலில் செய்து காட்டுங்கள். வெளுக்க மஞ்சளோ வெள்ளையோ, அடர்த்திக்கு நீலமோ கறுப்போ ஒரு சொட்டு.
2. முதலில் நீங்கள் கலந்து, தாளில் ஒரு தீற்றல் இட்டு, உங்கள் புறங்கையோடு ஒட்டிப் பாருங்கள். பொருந்தும்வரை கலக்குங்கள்.
3. பிள்ளைகள் இருவர் இருவராகத் தங்கள் நிறத்தைக் கலக்கட்டும்.
4. கிடைத்த நிறத்துக்கு அவரவரே பெயர் வைக்கட்டும், நீங்கள் வைக்காதீர்கள். என் வகுப்பில் வந்தவை: கருப்பட்டி, புளி, வேர்க்கடலைத் தோல், செம்மண், தேன், சுக்கு. "நான் பனங்கற்கண்டு" என்று ஒருத்தி சொல்ல, பக்கத்தில் இருந்தவன் உடனே தன் நிறத்தைக் 'கடலை மிட்டாய்' ஆக்கிக்கொண்டான்.
5. தீற்றல்களை வெட்டி ஒரே சார்ட்டில் ஒட்டுங்கள். வெளுப்பிலிருந்து கறுப்பு என்று அடுக்காமல் கலைத்து ஒட்டுங்கள்.
6. ஒரே ஒரு அறிவியல் செய்தி: தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. அது கூடுதலாக இருந்தால் நிறம் அடர்த்தியாக இருக்கும். அவ்வளவுதான்.

*நாக்கைக் கட்டிக்கொள்ள வேண்டிய இடம்:* "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." "கால் முடியாட்டாலும் நல்லாப் படிப்பான்." பாராட்டு போலத் தோன்றும் இந்த வாக்கியங்களில் 'ஆலும்' என்ற மூன்றெழுத்து ஒட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. "களையா இருக்கா", "நல்லாப் படிப்பான்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

*செயல்பாடு 3: ஒரு சொல், பல வாய் (1–5 வகுப்பு)*

செங்கல் சூளை, பின்னலாடை ஆலை, கட்டட வேலை நடக்கும் ஊர்களில் வடமாநிலப் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை என்பது மட்டுமே வகுப்பின் கண்ணில் படும். இந்தச் செயல்பாடு அவர்களுக்கு என்ன தெரியும் என்று காட்டும்.

1. முந்தைய நாளே அந்தப் பிள்ளையிடம் தனியே கேளுங்கள்: "நாளைக்கு உங்க வீட்டுச் சொல் ஒண்ணு எங்களுக்குச் சொல்லித் தர்றியா?" தலையாட்டினால் மட்டும் தொடருங்கள்.
2. கரும்பலகையில் 'தண்ணீர்' என்று எழுதி, வேறு பெயர் தெரிந்தவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். தெலுங்கில் நீள்ளு, கன்னடத்தில் நீரு, இந்தியில் பானி, மலையாளத்தில் வெள்ளம்.
3. "வெள்ளமா? வீட்டுக்குள்ள வருமே!" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு ஊரில் குடிக்கிற தண்ணீர் இன்னொரு ஊரில் ஊரை அடித்துப் போகும் வெள்ளம் என்பது மொழிப் பாடத்திலேயே சுவையான இடம்.
4. தமிழுக்குள்ளும் தேடுங்கள். கொங்கு நாட்டில் "ஏனுங்க", திருநெல்வேலியில் "ஏலே". பாட்டி பேசும் ஒரு சொல்லை ஆளுக்கொன்று கேட்டு வரச் சொல்லுங்கள்.
5. அன்று கற்ற சொற்களை ஒரு வாரம் வகுப்பில் உண்மையாகவே பயன்படுத்துங்கள்.

*பொதுத் தவறு:* ஒரு பிள்ளையை மேசைமேல் ஏற்றி "எங்கே, இந்தியில பேசு பார்க்கலாம்" என்பது. அது வேடிக்கைப் பொருளாக்குவது. எல்லோரும் ஒரு சொல் கொண்டு வந்தால்தான் அது பகிர்வு.

*செயல்பாடு 4: பள்ளியை அளப்போம் (4–5 வகுப்பு)*

மாற்றுத்திறனாளிகள் பற்றிய பாடம் என்றால் கண்ணைக் கட்டி நடக்க விடும் வழக்கம் இருக்கிறது. செய்யாதீர்கள். இடறி விழும் ஆபத்து ஒருபுறம். பார்வையில்லாதவர் பழகிப் பெற்ற திறமையை விட்டுவிட்டு, இருட்டின் பயத்தை மட்டும் பிள்ளை கற்றுக்கொள்வது இன்னொருபுறம். பதிலாக, தடை ஆளிடம் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள்.

1. அளவு நாடாவோடு குழுக் குழுவாக அனுப்புங்கள். வாசற்படி எத்தனை செ.மீ. உயரம்? குழாய் எவ்வளவு உயரத்தில்? கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம்?
2. சாய்தளத்துக்கான கணக்கைச் சொல்லுங்கள்: உயரம் 1 என்றால் நீளம் 12. 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. சாய்தளம் வேண்டும். உங்கள் பள்ளிப் படிக்கு எவ்வளவு வேண்டும் என்று அவர்களே கணக்கிடட்டும்.
3. பள்ளியில் சாய்தளம் ஏற்கெனவே இருந்தால் அதையும் அளந்து பாருங்கள். செங்குத்தாக ஏறினால் அது படம் எடுக்கத்தான் உதவும்.
4. ஆறு புள்ளிகளில் எல்லா எழுத்தையும் எழுதலாம் என்று கண்டுபிடித்த லூயி பிரெய்ல் 15 வயதில் அதை உருவாக்கினார் என்று சொல்லுங்கள். தடித்த அட்டையில் பின்பக்கமிருந்து மழுங்கிய முனையால் அழுத்திப் புள்ளிகளைத் தொட்டுப் பார்க்கட்டும்.
5. அளவுகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பிள்ளைகளே கடிதமாக எழுதட்டும்.

நான்காம் வாரம்: சாதியைப் பற்றிப் பேசுவது

"சின்னப் பிள்ளைங்ககிட்ட எதுக்கு?" என்று கேட்பார்கள். நாம் பேசாவிட்டாலும் தெருவும் கைக்கயிறும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024-இல் அரசிடம் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்ததற்கு அதுதான் காரணம். 4, 5-ஆம் வகுப்புக்கு இப்படிச் சொல்லலாம்.

1. கதையாகத் தொடங்குங்கள். அம்பேத்கர் சிறுவனாகப் பள்ளிக்குப் போனபோது, உட்கார ஒரு சாக்கை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பள்ளி ஊழியர் வந்து திறந்துவிட வேண்டும். ஊழியர் வராத நாளில் தண்ணீர் இல்லை.
2. நிறுத்துங்கள். "அவருக்கு அப்ப எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். தாகம் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.
3. பிறகு என்ன ஆனார் என்று சொல்லுங்கள். அரசியலமைப்பை வரைந்த குழுவுக்குத் தலைவரானார். அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15-ஆம் பிரிவு கிணறு, குளம், சாலை, கடை எதிலும் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்றது. தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் வளர்ந்து, கிணற்றைத் திறந்துவிடும் சட்டத்தை எழுதும் இடத்தில் உட்கார்ந்தார்.
4. முடிவு வாக்கியம் எளிமையாக இருக்கட்டும்: "பிறப்பால யாரும் மேல இல்ல, கீழ இல்ல. அப்படி நடத்துறது தப்பு மட்டும் இல்ல, குற்றம்."

*கவனம்:*

- எந்தப் பிள்ளையிடமும் "நீ என்ன ஆளுங்க?" என்று கேட்காதீர்கள். கதை சொல்லும்போது உங்கள் பார்வை ஒரு பிள்ளைமேல் போய் நிற்கக் கூடாது.
- பாகுபாட்டை நடித்துக் காட்டச் செய்யாதீர்கள். 1968-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியர் மூன்றாம் வகுப்பைக் கண்ணின் நிறத்தால் பிரித்து, ஒரு தரப்பை உயர்வாகவும் மறுதரப்பைத் தாழ்வாகவும் நடத்திப் பார்த்தார். உலகப் புகழ் பெற்ற அந்தச் சோதனை, பிள்ளைகளைக் காயப்படுத்தியது என்ற விமர்சனத்தையும் பெற்றது. நம் வகுப்பில் அந்தக் காயத்தை ஏற்கெனவே வீட்டிலும் தெருவிலும் பட்டுவிட்டு வந்த பிள்ளை இருக்கலாம்.

அவமதிப்பு நடந்துவிட்டால்

1. *நிறுத்துங்கள்.* "இந்த வகுப்புல அந்தச் சொல் கிடையாது." இவ்வளவு போதும், கத்த வேண்டாம்.
2. *காயப்பட்டவரிடம் முதலில் போங்கள்.* தனியே கேளுங்கள். "நீ என்ன செஞ்ச, அவன் ஏன் சொன்னான்?" என்று மட்டும் கேட்காதீர்கள்.
3. *சொன்னவரிடம் தனியே பேசுங்கள்.* அந்தச் சொல்லை எங்கே கேட்டான் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் பொருள் தெரியாமல் சொல்லியிருப்பான். அடிக்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சமத்துவத்தைப் பிரம்பால் புகட்ட முடியாது.
4. *உடனே "சாரி சொல்லு" வேண்டாம்.* முப்பது பேர் முன்னால் சொன்ன மன்னிப்பு மாலையில் பழியாகத் திரும்பும்.
5. *தேதியிட்டு எழுதுங்கள்.* மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் காயப்பட்ட பிள்ளையிடம் மறுபடி விசாரியுங்கள்.
6. *தொடர்ந்தாலோ, அடிதடி என்றாலோ* தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, தமிழ்நாடு பள்ளிக் கல்வி உதவி எண் 14417. இரண்டும் வகுப்பின் கதவில் பிள்ளைகள் கண்மட்டத்தில் எழுதப்பட்டிருக்கட்டும்.

பெற்றோர் வந்து நின்றால்

"பையன் கையில விளக்குமாறு கொடுக்கிறீங்களாமே?" என்று ஓர் அப்பா வாசலில் நின்றார். சக்கரத்தைக் காட்டி, "இந்த வாரம் பெருக்குறாங்க, போன வாரம் உங்க பையன்தாங்க மணியடிச்சான்" என்றேன். மறுபேச்சு இல்லை. "அந்தப் பிள்ளை பக்கத்துல உட்கார வைக்காதீங்க" என்பவருக்கும் அதே பதில்தான்: "இடம் வாராவாரம் மாறுதுங்க. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முறைதான்." விவாதத்தில் இறங்காதீர்கள், யாருக்காகவும் முறையை மாற்றாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டாம் வாரம் தொடங்கும் முன்பே அங்கே ஒருமுறை சொல்லி வைத்துவிட்டால், வாசலில் வந்து நிற்பவர்களுக்கு அந்தத் தாய்மாரே பதில் சொல்லிவிடுவார்கள்.

சரிபார்த்தல்

ஒரு மாதம் கழித்து முதல் வார நோட்டை எடுத்து, அதே ஐந்து கேள்விகளுக்கு மீண்டும் பதில் எழுதுங்கள். சாப்பாட்டு வரிசையில் தனியே இருந்த பிள்ளை இன்னும் தனியே இருந்தால், செயல்பாடுகள் எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் வேலை முடியவில்லை என்று பொருள். சக்கரத்தை மட்டும் ஆண்டு முழுக்க நிறுத்தாதீர்கள்.

நான் ஒருமுறை நிறுத்திவிட்டேன். தேர்வு வேலையில் இரண்டு திங்கட்கிழமை நகர்த்த மறந்துபோனது. மூன்றாம் திங்கள் காலை, முன்பு யாரும் ஏவாமலேயே விளக்குமாறை எடுத்த இருவரில் ஒருத்தி என் மேசைக்கு வந்து நின்றாள். "டீச்சர், நாங்க ரெண்டு வாரமா கூடுதலாப் பெருக்கிட்டோம். மணி எங்க முறை." சாவிக்கொத்தை வைப்பது போல விளக்குமாறை என் மேசைமேல் வைத்துவிட்டு மணியடிக்கப் போய்விட்டாள்.